மொட்டை மாடிக்கு மேலே 400 அடி

எங்கள் தெருவில் நடந்த ஒரு காதணி விழாவைப் படம்பிடிக்க வந்த ட்ரோன், மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த என் அம்மாவின் தலைக்கு மேலும் சற்று நேரம் நின்றது. அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வடகத்தைக் காக்கை கொத்தியது தனிக்கதை. இயக்கிய தம்பியிடம் கேட்டதற்கு, "இது கிரீன் ஜோன் சார், 400 அடி வரைக்கும் பர்மிஷனே வேணாம்" என்றார். கிரீன் ஜோன் என்பது ட்ரோன் பறக்க முன்அனுமதி தேவையில்லாத வான்பகுதி. சட்டப்படி அவர் சொன்னதில் பிழையில்லை.

2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ட்ரோன் விதிகள் எடை, உயரம், விமான நிலையத்திலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றையெல்லாம் கவனமாக அளக்கின்றன. கீழே இருப்பது யார் வீடு, அவர் சம்மதித்தாரா என்று மட்டும் கேட்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்து, சில மாதங்களிலேயே கைவிடப்பட்ட முந்தைய விதிகளில், படமெடுப்பவர் பிறருடைய தனியுரிமைக்கும் உடைமைக்கும் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. படிவங்களைக் குறைத்ததை நானும் வரவேற்கிறேன். ஆனால் அந்த நிபந்தனை வெறும் படிவமல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது பெண்களின் அந்தரங்கச் செயல்களை மறைந்திருந்து பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் உரியது. வடகம் பிழிவது அதில் அடங்காது.

இத்தனைக்கும் இந்த நாட்டுச் சட்டத்துக்கு இது புதிய கவலையல்ல. வழி, வெளிச்சம் போன்றவற்றில் அண்டை நிலத்தார் மீது ஒருவருக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அண்டை வீட்டாரின் அந்தரங்கம் கெடும்படி யாரும் புதிய சன்னல் திறக்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்தை எடுத்துக்காட்டாகவே தருகிறது. சன்னலுக்கு இருந்த நாகரிகம் பறக்கும் கேமராவுக்கு வேண்டாமா?

இந்தக் கவலை வீடுகளுக்கு மட்டுமல்ல, தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலைனாவில் இராணுவ விமானங்கள் ஒரு பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் பறந்ததால் கோழிகள் மிரண்டு சுவரில் மோதிச் செத்தன. 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வானம் முழுவதும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை என்றாலும், நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு மேல்வெளி அவருடையதே என்று தீர்ப்பளித்தது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருந்து தெளிக்கும் ட்ரோன்களையோ நில அளவையையோ தடுக்கச் சொல்லவில்லை. பிறர் வீட்டுக்கும் வயலுக்கும் மேலே 100 அடிக்குக் கீழ் பறக்க, உரியவரின் சம்மதம் வேண்டும் என்று ஒரே ஒரு விதி சேர்த்தால் போதும். பறப்பது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியும் வேண்டும். ட்ரோனுக்கு அடையாள எண் கட்டாயம்தான். ஆனால் மாடியில் நிற்பவர் அண்ணாந்து பார்த்து அதைப் படித்துவிட முடியாது.