ஐந்தாவது அழுகை

பொங்கலுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் போயிருந்தபோது மாமா கேட்டார்: “பதினஞ்சு வருசமா சாமி பாட்டையே படிக்கிறியேம்மா, அதுல ஆராய என்ன இருக்கு?” அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயத்துக் கோயிலில், தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே, திருவாசகத்துச் சிவபுராணம் பாட ஆரம்பித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். நக இடுக்கில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருக்கும். “ஏன் பாட்டி?” என்றால், “ஒன்னுமில்ல, நல்லாருக்கு” என்பார்.

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் படித்தேன், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதி அது. அழுகை பிறக்க நான்கு காரணங்கள் அதில் உண்டு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழந்துபோவது, இருந்த நிலை கெடுவது, இல்லாமை. தோட்டத்தில் இந்த நான்குக்கும் பஞ்சமே இல்லை. ஆனாலும் பாட்டியின் வெள்ளிக்கிழமைக் கண்ணீர் எதிலும் அடங்கவில்லை. அப்புறம் திருவாசகத்தில் ‘அழுதால் உன்னைப் பெறலாமே’ என்ற அடிக்கு வந்தேன். துன்பம் வந்து அழுவதில்லை அது, அடைவதற்காக அழுவது. என் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

ஒப்பிட்டுப் படிக்க இங்கிலாந்தின் கிறிஸ்தவ பக்தை மார்ஜரி கெம்ப் கிடைத்தார். 15ஆம் நூற்றாண்டுக்காரர், தன் கதையைப் பிறர் எழுதச் சொன்னவர். தேவாலயத்தில் அவர் வாய்விட்டு அழ, உடன் வந்த யாத்திரிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கைப்பிரதி 1934இல்தான் கண்டெடுக்கப்பட்டது. படிக்கப் படிக்க எனக்கு லயத்துக் கோயில்தான் கண்ணில் நின்றது.

ஒரு கருத்தரங்கில் மூத்தவர் ஒருவர், “உருகுவதெல்லாம் ஆய்வாகாது, காலத்தையும் பாடபேதத்தையும் பாருங்கள்” என்றார். இரண்டும் வேண்டும்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் கேட்பவர் உடம்பில் நடப்பதை விட்டுவிட்டுப் பக்தி இலக்கியத்தில் எதை ஆராய்வது? கண்ணீர் அரும்புவதையும் மயிர் சிலிர்ப்பதையும் சுவையின் ஒரு படியாகவே தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் தம் உரையில் வைத்திருக்கிறார். நம் இலக்கணத்துக்கு உடம்பு அந்நியமே இல்லை. தமிழைப் பக்தியின் மொழி என்று சொன்ன தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இருந்தவர். அந்த மண்ணிலேயே இந்தக் கேள்விக்கு இடமில்லை என்றால் மனம் ஆறவில்லை.

மாமா, உங்களுக்கான பதில் இதுதான்: பாட்டி ஏன் அழுதார் என்பதைத்தான் ஆராய்கிறேன்.

ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது, லயமும் இல்லை. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் டவுன் பக்கம் சிலர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களிடம் பேசிப் பதிவு செய்யப் போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.