ஜெர்மனி பற்றிய தகவல் தவறு

"குழந்தைகள் மீது ஆசைப்படுவதை ஜெர்மனி சட்டப்பூர்வமாக்கிவிட்டது, அப்படிப்பட்டவர்களை அரசே காசு கொடுத்துக் காப்பாற்றுகிறது" என்று எழுதிய பாலக்கோடு அண்ணாவுக்கு: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் விஷயம் அதுவல்ல.

2005-ல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஒரு சிகிச்சைத் திட்டம் தொடங்கினார்கள். தனக்கு அந்த ஈர்ப்பு இருக்கிறது, எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்துவிடக் கூடாது என்று பயப்படுகிறவர் தானாக வந்து மருத்துவரைப் பார்க்கலாம். பெயர் வெளியே போகாது. அது எவ்வளவு பலன் தருகிறது என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு. குழந்தையைத் தொட்டால் அங்கேயும் சிறைதான். 2021-ல் தண்டனையை இன்னும் கூட்டினார்கள்.

நம் போக்சோ சட்டமும் செயலைத்தான் தண்டிக்கிறது, மனதில் இருப்பதை அல்ல. ஆனால் குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. மருத்துவருக்கும் அது பொருந்தும். அதனால் தர்மபுரியில் ஒருவர் இதற்காக மனநல மருத்துவரிடம் போகவே நடுங்குவார். "இவனுங்களைக் கொளுத்தணும்" என்று உங்கள் பதிவின் கீழே வரிசையாக வரும் பின்னூட்டங்களைப் படித்தால் இன்னும் பதுங்குவார். அதனால் எந்தக் குழந்தைக்கு என்ன லாபம்?

அப்புறம், நீங்கள் போட்டிருக்கும் முகமூடி மனிதன் படம். போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர்தான்: சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழகியவர். தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போடுங்கள் அண்ணா.