முள்கம்பியும் அம்மாவின் அளவுக் கொப்பியும்

கொழும்பில் காண்பியக் கலை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். போரைச் சொல்லக் கண்காட்சிகளில் நாங்கள் வைக்கும் முள்கம்பியைக் கொஞ்சக் காலம் கீழே வைப்போம். சிவப்புப் பெயின்ட், உடைந்த பொம்மை, கருகிய கதவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிலருக்குக் கோபம் வரும், தெரியும். போரைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேசியே ஆக வேண்டும், இன்னும் பேசி முடியவில்லை. என் கேள்வி வேறு. இந்தக் கம்பி எங்கிருந்து வந்தது? என்னோடு படிக்கிறவர்களில் பலர் 2000க்குப் பிறகு கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் இழப்பு இருக்கிறது. காணாமல் போன மாமா இருக்கிறார், அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வந்த காணி இருக்கிறது. அதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஹார்ட்வெயார் கடையில் அடிக்கணக்கில் கம்பி வாங்கிக்கொண்டு கண்காட்சிக்கு வருகிறார்கள். அந்தக் கம்பி அவர்கள் பார்த்த வேறு கண்காட்சிகளில் இருந்து வந்தது. வாழ்க்கையில் இருந்து வரவில்லை.

சந்திரகுப்த தேனுவர 1997இல் பீப்பாய்களை எடுத்துக்கொண்டு ‘பரலிசம்’ என்று தொடங்கியபோது, அந்தப் பீப்பாய்கள் கொழும்பு வீதிகளின் சோதனைச்சாவடிகளில் நின்றன. இராணுவ நிறம் பூசிய பீப்பாய்களைத் தாண்டித்தான் சனம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. தினமும் பார்த்துப் பழகிப்போன ஒன்றை அவர் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்ததும், இதற்கெல்லாம் எப்படிப் பழகினோம் என்று பார்ப்பவருக்கு உறைத்தது. பல வருடங்களாக யூலை 23ஐ ஒட்டி, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை மறக்கவிடாமல் கண்காட்சி வைத்துவருகிற சிங்களக் கலைஞர் அவர். நான் அவரை மிகவும் மதிக்கிறேன். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கண் முன்னால் நிற்பதைப் பார்க்கிற அந்தக் கண்ணை. பீப்பாயை அவரே செய்து முடித்துவிட்டார்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1943 ஓகஸ்டில் ‘43 குழு’ என்ற கொழும்புக் கலைஞர் குழு உருவானபோது, இங்கிலாந்துக் கலைக்கழகப் பாணியில் வரைந்துகொண்டிருந்த போக்கில் இருந்து அவர்கள் பிரிந்து வந்தார்கள். லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். மஞ்சுசிறி பிக்குவாக இருந்தவர், விகாரைச் சுவரோவியங்களைத் தேடித்தேடிப் பிரதி செய்தவர். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அதே குழுவைச் சேர்ந்த ஓவியர் ஹரி பீரிசின் வீடு இப்போது சபுமல் மன்றமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள். படங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகின்றன, யாரோ குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் அது வசதியான, ஆங்கிலம் பேசிய கொழும்பின் வீடு. அதிலிருந்து நிறையப் படிக்கலாம், படிக்கிறேன். என் கலை வேலை எங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்துதான் வர முடியும்.

முள்கம்பிக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. தமிழ்ப் பிள்ளை என்றால் வலியோடு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் சந்தையின் நிறங்களை நான் வரைந்து வைத்திருந்தபோது, பார்க்க வந்த ஒருவர் “நீங்கள் யாழ்ப்பாணமா? உங்கள் குடும்பத்தில் யாராவது…” என்று தொடங்கினார். நல்ல மனதோடுதான் கேட்டார். படத்தைத்தான் பார்க்கவில்லை. இப்படி எல்லோரும் கேட்கக் கேட்க, கேட்டதையே கொடுக்கப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். தங்கள் சொந்தத் துக்கத்தைக்கூட அடுத்தவருக்குப் பழக்கமான வடிவத்தில் கொடுக்கிறார்கள். எனக்கு மனம் நோவது அதற்குத்தான்.

யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலை முதன்முதலில் புரட்டியபோது எனக்கு வாயடைத்துப்போனது. இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து வரையச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வரைந்த கோணல்மாணலான வரைபடம், அதையே கட்டிடக்கலை முறைப்படி திருத்தமாக வரைந்த தாள், பிறகு அவருடைய சொந்தச் சித்திரம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டில் இல்லாத வீடுகளுக்கு அதே வடிவத்தில் ஒரு பதிவேடு செய்து வைத்திருக்கிறார். கிணறு எங்கே, அடுப்படி எங்கே, வேப்பமரம் எந்தப் பக்கம் என்று படித்துக்கொண்டு போகும்போது வீடு தானாக எழும்பி நிற்கிறது. ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேத்தண்ணி வடியையும் கையில் எடுத்தார். மலையகத்துப் பிள்ளை வேறு எதை முதலில் எடுப்பாள்? இந்த இரண்டு பேரிடமும் பொருளுக்கும் கதைக்கும் நடுவே இடைவெளி இல்லை. ஏன் இந்தப் பொருள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

கண்காட்சிக்கு வெளியிலும் இது நடக்கும். 2022 மே 18 அன்று, அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களில் சனம் குடித்து உயிர் பிழைத்ததை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள். சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். அதை யாரும் ஆற்றுகைக் கலை (பார்ப்பவர் முன்னால் நிகழ்த்திக் காட்டும் கலை) என்று அழைக்கவில்லை, அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஆற்றுகைக் கலை படிக்கிறவர்கள் அந்தக் காட்சியை மறக்கக்கூடாது. உப்புக் கஞ்சியைக் கையில் வாங்கிக் குடித்தவருக்கு எந்த விளக்கப் பலகையும் தேவைப்படவில்லை.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

அம்மா தையல்காரி. சாறிச் சட்டைதான் அதிகம். தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்னால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அளவு எழுத சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறா. 1990களில் இருந்து சேர்ந்த கொப்பிகள் எல்லாம் அலுமாரிக்கு மேலே அடுக்கி இருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர் எழுதுவது குறைவு, ‘மூன்றாம் மாடி டீச்சர்’, ‘மீன்கார அக்கா’, ‘பாமசி மகள்’ என்றுதான் இருக்கும். கீழே தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து. பக்கத்தின் மூலையில் துணியின் ஒரு துண்டு குண்டூசியால் குத்தியிருக்கும். குண்டூசி துருப்பிடித்து, அடுத்த பக்கத்திலும் அதன் தடம் விழுந்திருக்கும்.

அதே ஆள் திரும்ப வந்தால் அம்மா புதுப் பக்கம் எடுப்பதில்லை. பழைய எண்ணை வெட்டிவிட்டுப் பக்கத்திலேயே எழுதுவா. 32, வெட்டி 34, வெட்டி 38, வெட்டி 36. கல்யாணம், பிள்ளைப்பேறு, சீனி வருத்தம் எல்லாம் அந்த வெட்டுகளுக்குள் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் எண்களுக்குக் கீழே ‘இடப்பக்கம் பஞ்சு வைக்க’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்த அக்காவுக்குப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்த வருடம் அது. அம்மா அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தா, அவ்வளவுதான்.

சில பக்கங்களில் குறுக்கே ஒரு கோடும் ‘கனடா’ என்ற சொல்லும். சிலவற்றில் ‘சவூதி’. கோடு போட்ட பிறகு வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்து, கோட்டுக்கு மேலேயே புது அளவு எழுதப்பட்ட பக்கங்களும் உண்டு.

2007ஆம் ஆண்டுக் கொப்பியில் ‘லொட்ஜ் அக்கா’ என்று ஒரு பக்கம். ஊதாப்பூப் போட்ட துணித்துண்டு. அளவுகள் எல்லாம் முழுமையாக இருக்கின்றன. கீழே ‘தைத்தாச்சு. எடுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அந்த வருடம் யூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. லொட்ஜ் அக்கா அந்த பஸ்ஸில் ஏறினாவா, அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டாவா, எங்களுக்குத் தெரியாது. சட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, பிரித்து வேறு எதற்கும் பாவிக்கவும் இல்லை.

போர் எங்கள் வீட்டுக்குள் வந்த விதம் இதுதான். முள்கம்பி அதற்குள் எங்கேயும் இல்லை.

இதை எப்படிப் படைப்பாக்குவது என்று நிறைய யோசித்தேன். கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்தால் அழகாக இருக்கும். அழகு மட்டும்தான் இருக்கும். வீடியோவில் மெஷின் சத்தம் சேர்த்தால் பார்ப்பவர் கண்ணில் நீர் வரும், ஆனால் எண்களை யாரும் படிக்கமாட்டார்கள். கடைசியில் தையலுக்கே வந்து சேர்ந்தேன். ஒரு பெண்ணின் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சட்டை. மெல்லிய வெள்ளை வொயில் துணியில், கொக்கி இல்லாமல், கரை மடிக்காமல். இளவயதுச் சட்டை முன்னால், அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது என்று ஒரே கம்பியில் தொங்கும். துணி மெல்லியது என்பதால் ஒன்றுக்குள் ஒன்று தெரியும். முன்னால் நின்று பார்த்தால் ஒரே பெண், பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவளுடைய இருபது வருடம். லொட்ஜ் அக்காவுக்கு மட்டும் ஒரே ஒரு சட்டை. பின்னால் எதுவும் இல்லை. அந்த ஊதாப்பூச் சட்டையைக் காட்சிக்கு வைக்கப்போவதில்லை. அது அவருடையது, யாராவது ஒரு நாள் கேட்டு வரலாம்.

நான் வெட்டுகிறேன், அம்மா தைக்கிறா. சில இடங்களில் அம்மா வெட்ட நான் தைக்கிறேன். பெயர்ப்பலகையில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தச்சர், கொல்லர், தையல்காரர் செய்ததற்குக் கலைஞர் ஒருவர் மட்டும் கையொப்பம் போடுவது உலகம் முழுக்க நடக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே அறிவு அம்மாவுடையது. ஒரு உடம்பைத் தொட்டு அளந்து, அந்த உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த ஒழுக்கமும் அம்மாவுடையது.

அனுமதியும் முக்கியம். தேடிப்பிடிக்க முடிந்தவர்களிடம் எல்லாம் போய்க் கேட்டோம். ஒருவர் மறுத்தார், அவருடைய பக்கம் இல்லை. பஞ்சு வைத்த அக்கா “போடு பிள்ளை, ஆனால் அந்தச் சட்டைக்கும் பஞ்சு வைத்துத் தை” என்றா. வைத்தோம்.

தைத்து முடிந்தவற்றை வீட்டு விறாந்தையில் தொங்கவிட்டபோது, சட்டை வாங்க வந்த பெண்கள் பார்த்தார்கள். நவீன கலை சாதாரண சனத்துக்கு விளங்காது என்று சொல்கிறவர்களை அன்று அங்கே கூட்டிவந்திருக்க வேண்டும். ஒரு அன்ரி முதல் சட்டையின் கைக்குழியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாலாவதைப் பார்த்துவிட்டு, “இவவுக்கு நடுவில என்ன நடந்தது? இவ்வளவு மெலிஞ்சிருக்கிறா” என்று கேட்டா. விளக்கப் பலகை எதுவும் அங்கே இல்லை. தையலைப் படிக்கத் தெரிந்த கண் அது. வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7இல் எத்தனை பேருக்கு அந்தக் கண் இருக்கும்?

இந்தப் பெண்களைக் காட்சிக்கூடத்துக்கு வரவைப்பது வேறு பிரச்சினை. 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் மூன்று மொழியிலும் எழுதி வைக்கிறார்கள். சுவரில் தமிழைப் பார்த்ததும் அம்மாவின் நடையே மாறியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு பலகையாக நின்று படித்தா. பல இடங்களில் ஆங்கிலம் மட்டும்தான். அப்புறம் தமிழ்ச் சனம் வருவதில்லை என்று குறைப்படுவதில் என்ன பயன்? நாங்களும் எழுத வேண்டும். ஒரு கண்காட்சி பார்த்தால் ‘அருமை, வாழ்த்துகள்’ என்பதோடு நிறுத்தாமல், என்ன பார்த்தோம், எது சரிவரவில்லை என்று தமிழில் எழுதுங்கள். என் வேலையையும் அப்படியே எழுதுங்கள், தாங்குவேன்.

வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் அப்பா லொறி ஓட்டினால் அவருடைய லொக் புத்தகத்தைப் பாருங்கள். பாட்டி சீட்டுப் பிடித்தால் அந்தச் சீட்டுக் கொப்பியைப் பாருங்கள். செட்டியார் தெருவில் நகைப்பட்டறையில் சித்தப்பா வேலை செய்தால், நாள் முடிவில் பட்டறைத் தூசியை எப்படிக் கூட்டி எடுக்கிறார்கள் என்று போய் நின்று பாருங்கள், ஒரு துளி தங்கத்தையும் விடமாட்டார்கள். இவற்றில் போர் இருக்கிறதா என்று தேடாதீர்கள். இருந்தால் அதுவே வரும்.

கடைசியாக ஒரு உதவி. ஆண்களின் அளவுகள் எங்களிடம் இல்லை. புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ பழைய அளவுக் கொப்பிகளை எறியாமல் வைத்திருக்கும் தையல்காரர் யாரையாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கொப்பியைக் கொண்டுபோகமாட்டேன். கடையிலேயே இருந்து, அவர் பார்க்கப் பார்க்கக் குறிப்பெடுத்துக்கொண்டு வருவேன்.