சிசேரியன் என்றாலும் தசை தளரும்
சிசேரியன் செய்தால் இடுப்புத்தளத் தசைக்கு (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை) ஒன்றும் ஆகாது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. சுகப்பிரசவத்தைவிட ஆபத்து குறைவு, அவ்வளவுதான். கர்ப்பத்தில் சுமக்கிற பாரமும் ஹார்மோன் மாற்றமுமே அந்தத் தசையைத் தளர்த்திவிடும். காரைக்குடியில் இருக்கும் என் மகளுக்கு இரண்டுமே சிசேரியன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வளவிலிருந்து (வீட்டு உள்முற்றம்) படியேறினாலே சிறுநீர் கசியும். தும்மலுக்குப் பயந்து கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட வர மாட்டேன் என்பாள், பாவம். சிலர் சொல்வதுபோல் வயிற்றில் துணி கட்டியும் பார்த்தோம், கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த கெகல் பயிற்சிதான் கைகொடுத்தது: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில நொடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.