முந்தும்போது ஒரு மணி அடியுங்கள்

நேற்று சாயங்காலம் கோவை லாலி ரோடு சிக்னலைத் தாண்டி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி வடவள்ளிக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு பெரியவர். பழைய இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிள், கேரியரில் தூக்குப்போசி. அவரைப் பிடித்துவிடலாம் என்று சிக்னலிலிருந்தே மிதிக்கிறேன், இடைவெளி குறையவே இல்லை. என்னுடையது கியர் சைக்கிள், எடையும் அவருடையதில் பாதிதான் இருக்கும். வளாகத்தின் மரங்கள் முடிகிற இடத்தில்தான் ஒருவழியாகப் பிடித்தேன். மணியடித்து, "வர்றனுங்கய்யா" என்று சொல்லி, வலப்பக்கம் விலகி முந்தினேன். "போங்கம்மணி" என்றார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் கிணிங், கிணிங். இப்போது அவர் என்னை முந்துகிறார். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நான், அப்புறம் அவர் என்று நான்கு தடவை மாறி மாறி முந்தினோம். வடவள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டார். அவர் பெயர் தெரியாது, எங்கே வேலை பார்க்கிறார் என்றும் தெரியாது. ஆபீசில் மோசமான ஒரு நாளை முடித்துவிட்டு வந்தவள், வீட்டுக்குள் நுழையும்போது பாடிக்கொண்டே நுழைந்தேன்.

ஆறு வருடமாக ஆர்.எஸ்.புரத்துக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். "வேலைக்குப் போற வழியில என்ன போட்டி? பந்தயமா நடக்குது?" என்று கேட்காத ஆளில்லை. என் கட்சி இதுதான்: தினசரிச் சாலையில் சைக்கிள்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்துவது நல்லது, ரொம்ப நல்லது. ஆனால் முகம் பார்த்து முந்த வேண்டும்.

அந்தப் பெரியவர் செய்தது என்ன என்று எனக்கு ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை வழிவிட்டிருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்து நேரே நம் பக்கம் வருகிறது. காலையில் வடவள்ளியிலிருந்து கிழக்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் யாரும் யாரையும் முந்தலாம், அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. சாயங்காலம் மேற்கே திரும்பும்போது அதே காற்று எதிரே வந்து நிற்கும், கண்ணில் வெயிலும் குத்தும். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், உடம்பு கிழித்துப்போக வேண்டியது 30 கிலோமீட்டர் வேகக் காற்றை. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறுவதால் அது இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகிவிடும். முழங்கால் வலிப்பது சும்மா இல்லை.

இந்தக் காற்றில் முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு மறைப்பு கிடைக்கும். நல்ல வேகத்தில், நெருக்கமாக ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். பெரிய பந்தயங்களில் கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடும் நாலைந்து பேர் வெவ்வேறு அணிக்காரர்களாக இருந்தாலும் முறை வைத்து முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்வார்கள். கடைசி எல்லை வரை ஒருவருக்கொருவர் உதவி, எல்லைக்கோட்டில் மட்டும் சண்டை.

பெரியவர் ஒவ்வொரு தடவை என்னை முந்தியபோதும் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். நான் முந்தியபோது அவருக்கு என்னால் கொஞ்சம் மறைப்பு கிடைத்தது. போட்டி என்று நினைத்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வீடு சேர்த்திருக்கிறோம். தனியாக வந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூட ஆகியிருக்கும்.

1952 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. இத்தாலியின் இரண்டு பெரிய வீரர்கள், ஃபாஸ்டோ காப்பியும் ஜினோ பார்த்தாலியும், மலை ஏறிக்கொண்டே ஒரு பாட்டிலைக் கைமாற்றுகிறார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து நின்று ஆதரித்த போட்டியாளர்கள் அவர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதில் இத்தனை வருடம் கழித்தும் வாதம் முடியவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான், கொடுத்தவர் யார் என்று தெரியாமல் இருப்பது.

அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சங்கு ஊதி ஷிப்ட் விட்டால் நூற்றுக்கணக்கான சைக்கிள் ஒரே நேரத்தில் கேட்டை விட்டு வெளியே வரும். டீக்கடை வரைக்கும் பந்தயம், கடைசியில் வந்தவர் டீ வாங்கித் தர வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பின்தங்கினால், "டேய், என் பின்னால ஒட்டிக்க" என்று யாராவது ஒருவர் வேகத்தைக் குறைப்பாராம். பஞ்சுத் தூசி அடைத்த நெஞ்சோடு அவர்கள் மிதித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஸ்ட்ராவா செயலி 2009இல் வந்தது. இன்று கோவையில் எந்தச் சாலையின் எந்தத் துண்டை யார் வேகமாகக் கடந்தார் என்று அதில் பட்டியலே இருக்கிறது. நானும் ஒரு வருடம் வைத்திருந்தேன். எனக்கு மேலே இருந்தவரை நான் பார்த்ததே இல்லை. அவர் என்றைக்கு, எந்தக் காற்றில் அந்த வேகத்தில் போனார் என்பதும் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. அவரைத் தோற்கடிக்க மிதித்த நாட்களில் பக்கத்தில் போகிறவர்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

சரி, முந்துவதில் எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். நான் ஒரு பெண். மணியடித்து, தள்ளிப் போய் முந்தினால்கூடச் சில ஆண்களுக்கு ஆகாது. எழுந்து நின்று மிதித்து, என் ஹேண்டில்பாரை உரசுவதுபோல வந்து, முன்னால் வெட்டி நுழைந்து, அப்புறம் மூச்சு வாங்கி வேகத்தைக் குறைப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கௌலி பிரவுன் ரோட்டில் விலையுயர்ந்த சைக்கிளில் வந்த ஒரு இளைஞர் இப்படித்தான் செய்தார். என் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் பட்டது. இரண்டு சக்கரம் உரசினால் விழுகிறவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான், ஏனென்றால் திருப்பும் சக்கரம் மாட்டிக்கொண்டது அவருடையது. முழங்கையில் ஆறு தையல். அந்த இளைஞர் நிற்கவே இல்லை. பின்னால் பஸ் எதுவும் வரவில்லை, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புதுக்கோட்டையில் வாக்கப்பட்ட என் சித்தி, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது கற்றுக்கொண்டவர். முதல் தடவை ஒரு ஆணை முந்தியபோது அந்த ஆள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டாராம். மறுநாள் அதே ஆள், "நேத்து நல்லா மிதிச்சீங்க" என்றாராம். சித்தி இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவார்.

முந்தியவுடன் இடப்பக்கம் வெட்டாதீர்கள், இரண்டு சைக்கிள் நீளமாவது விட்டு வாருங்கள். முந்தின வேகத்தைக் கொஞ்ச நேரமாவது காப்பாற்ற முடியாது என்றால் முந்தவே வேண்டாம். தண்ணீர் கேனோ சிலிண்டரோ கட்டிப் போகிறவருக்குப் பின்னால் மணியை விடாமல் அடிக்காதீர்கள், அந்தப் பாரத்தோடு சட்டென்று விலக அவரால் முடியாது. அரசு கொடுத்த சைக்கிளில் ஜோடி ஜோடியாக வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், "அக்கா, போலாமா?" என்று கண்ணாலேயே கூப்பிடுவார்கள். பஸ் ஓடும் சாலையில் அவர்களோடு நான் போட்டிக்கு நிற்பதில்லை. ஜெயிக்கிற ஆசையில் அந்தப் பிள்ளைகள் பின்னால் பார்க்காது. "நீதான் கண்ணு ஜெயிச்சே" என்று சொல்லி விட்டுவிடுவேன்.

எனக்கு இன்னும் தப்பாகப் படுவது, ஒன்றும் சொல்லாமல் ஒருவர் பின்னால் ஒளிந்துகொண்டு வருவது. அவர் எப்போது பிரேக் பிடிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு குரல் கொடுங்கள், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இரண்டு கிலோமீட்டர் அவர் முதுகில் குளிர்காய்ந்திருந்தால், அடுத்த இரண்டு கிலோமீட்டர் நீங்கள் முன்னால் போய்க் காற்றை வாங்குங்கள். கடைசி வளைவில் பாய்ந்து முந்திவிட்டு ஜெயித்ததாக நினைக்காதீர்கள்.

இன்று சாயங்காலம் சிக்னலில் சிவப்பு. இடது ஓரத்தில், ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதே பெரியவர். என்னைப் பார்த்ததும் தூக்குப்போசியைக் கேரியரில் இறுக்கிக் கட்டினார். நேற்றைவிடக் காற்று அதிகம், வளாகத்து மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தன.

"இன்னைக்கு யாருங்கய்யா முன்னாடி?" என்று கேட்டேன்.

"அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் போறன். அப்புறம் நீங்க வாங்கம்மணி."

பச்சை விழுந்தது.