படத்தில் பூவும் இருக்கட்டும்

பொதுமக்கள் ஏற்றும் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி, எந்தப் பறவை வருகிறது என்று தெரியும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. ஆனால் இங்கே திருகோணமலையில் கமெராவோடு திரியும் பலர் பறவையை மட்டும் வெட்டியெடுத்து, உயிரினப் படங்களைப் பதியும் இணையத்தளமான ஐநேச்சுரலிஸ்டில் போடுகிறார்கள். அது இருந்த பூ படத்திலேயே இல்லை!

உப்புவெளிப் பக்கம் வீட்டு மாமரங்களில் ஒட்டுண்ணியாக வளரும் குருவிச்சைச் செடியைப் பாருங்கள். தேன்சிட்டு மூடிய மொட்டின் நுனியை அலகால் நெருக்க, மொட்டு சட்டென்று வெடித்து மகரந்தம் அதன் தலையில் அப்பும். பழம் தின்பது பூக்கொத்திக் குருவி. பசைபிடித்த விதையை அது கிளையில் தேய்த்துவிட்டுப் போக, அங்கே அடுத்த செடி முளைக்கும். இலையைத் தின்ன ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வேறு. மரத்துக்குக் கேடு என்று வெட்டுகிறோம், நியாயம்தான். வெட்டுமுன் நாலு படம் எடுக்கலாமே.

இன்னொன்று, பூவில் பறவை இருந்தாலே மகரந்தச் சேர்க்கை என்று எழுதிவிடக்கூடாது. செவ்வரத்தம்பூவின் அடியில் துளை போட்டுத் தேன்சிட்டு தேனை உறிஞ்சிவிடும். மகரந்தத்தில் படவே படாது. முருங்கைப்பூவுக்கு வரும் பெரிய கருவண்டின் முதுகிலோ மகரந்தம் அப்பியிருக்கும்.

அதனால் ஒரே படத்தைப் பறவைக்கு ஒன்று, செடிக்கு ஒன்று என்று இரண்டு பதிவாகப் போடுங்கள். அலகு பூவின் வாயில் இருந்ததா, அடியில் இருந்ததா என்று குறிப்பில் ஒரு வரி. 2002 முதல் இயங்கும் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டிலும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அநேகமானோர் அதை வெறுமையாகவே விடுகிறார்கள்.