வெதர் ரிப்போர்ட்டைத் தொடங்கியவர் ஜாக்கோ அல்ல

"வெதர் ரிப்போர்ட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைக்குழுவைத் தொடங்கியதே பேஸ் கிட்டார் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ்தான், அவர் வந்ததால்தான் அதில் ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும், ஆடவைக்கும் இசை) வந்தது" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தவறு.

1970-இல் குழுவைத் தொடங்கியவர்கள் மூவர்: கீபோர்டில் ஜோ ஜாவினுல், சாக்ஸஃபோனில் வெய்ன் ஷார்ட்டர், பேஸில் மிரோஸ்லாவ் விட்டூஷ். முதல் ஆல்பம் 1971-இல் வந்தது. ஃபங்க் பக்கம் குழு திரும்பியது 1973-இல், 'ஸ்வீட்நைட்டர்' ஆல்பத்தில். விட்டூஷ் விலகிய பின் அவர் இடத்துக்கு வந்த அல்ஃபோன்ஸோ ஜான்சன் அந்தத் தாளத்தை இன்னும் இறுக்கினார். பாவம், அவரை யாரும் நினைப்பதே இல்லை.

ஜாக்கோ சேர்ந்தது 1976-இல். அந்த ஆண்டு வெளியான 'பிளாக் மார்க்கெட்' ஆல்பத்தில் அவர் வாசித்தது இரண்டே பாடல்கள்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? 1977-இல் வந்த இந்தக் குழுவின் 'பேர்ட்லேண்ட்' பாடல்தான் காரணம் என்று நினைக்கிறேன்; அதில் உருளும் பேஸ் ஒலியும் ஜாக்கோவுடையது என்று எண்ணத் தோன்றும். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். தொடக்கத்தில் அடியில் உருளும் பேஸ் ஒலி கிட்டாரே அல்ல, ஜாவினுலின் சின்தசைஸர். அதற்கு மேல் கிட்டார் போல மெல்லியதாக ஒரு மெட்டு வருகிறதே, அதுதான் ஜாக்கோ! கம்பியை ஓரிடத்தில் விரலால் லேசாகத் தொட்டு மீட்டி எடுத்த ஹார்மோனிக்ஸ் ஒலி அது. பாடலை எழுதியவரும் ஜாவினுல்தான்.

ஜாக்கோ விலகிய பிறகும் வேறு பேஸ் கலைஞருடன் குழு 1986 வரை ஆல்பங்கள் வெளியிட்டது.